மந்திரம் என்று சொல்லிவிட்ட சுலோசனா

முதலியார்பேட்டையில் சுலோசனாவின் வீட்டைக் கேட்டால், "பிரெஞ்சு எழுதிக் குடுக்கற அம்மாவா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய்வந்த சொல்தாக்களின் விதவைகள் அந்தத் தெருக்களில் நிறையப் பேர். தாங்கள் உயிரோடு இருப்பதாக அவர்கள் வருஷா வருஷம் கான்சுலேட்டுக்குத் தெரிவித்தால்தான் பென்ஷன் வரும். அதை எழுதிக் கொடுப்பவள் சுலோசனா. அவளுடைய பிரெஞ்சுக்கு அந்த ஊரில் அதற்கு மேல் வேலை இருக்கவில்லை.

அவள் அப்பா கலியமூர்த்தி மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். பக்கத்தில் இருந்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் என்பதால் மகளை அதில் போட்டார், வேறு யோசனை எதுவும் இல்லை. சுலோசனாவுக்குப் பதினோரு வயதானபோது பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் மட்டும் பழையபடியே நடந்தது. அவள் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் நல்ல மார்க்கோடு தேறினாள். தேறி வெளியே வந்து பார்த்தால் ஆபீசுகளில் எல்லாம் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு, வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை எழுதிக் கொள்ளலாம் என்று ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். அவளோடு படித்த சில பெண்களின் குடும்பங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறின. கலியமூர்த்தியிடம் கேட்டபோது, "அங்க போயி பனியில நின்னுக்கிட்டு என்னாத்த பண்றது?" என்றார். வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். சுலோசனா மில் ஃபிட்டர் இராமதாஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் மே மாதம். கல்வித் துறையில் வேலை பார்த்த இராமதாஸின் சித்தப்பா மகன் ஒருநாள் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, பாரீசுலேர்ந்து ஒரு விஞ்ஞானி வந்திருக்காரு. அவங்க சயின்ஸ் அகாடெமியும் நம்ம நாட்டு அகாடெமியும் சேந்து வாத்தியாருங்களுக்கு ட்ரெய்னிங் வக்கிறாங்க. பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு. அவரு பேசற இங்கிலீஷு யாருக்கும் புரியல. நீங்க வந்து தமிழ்ல சொல்லணும்."

"எனக்கு சயின்ஸ் தெரியாதேப்பா."

"அவருக்குத் தெரியும் இல்ல? நீங்க பாஷைய மட்டும் பாத்துக்குங்க."

பாஷையை மட்டும் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று முதல் நாள் காலையிலேயே தெரிந்துபோயிற்று.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். லீவு நாள் என்பதால் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேஜைகளை நடுவில் போட்டிருந்தார்கள். ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வந்த விஞ்ஞானியின் பெயர் லெக்ளேர். நெட்டையான மனிதர், ஐம்பது வயது இருக்கும், வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது. இந்திய அகாடெமியின் சார்பில் கல்கத்தாவிலிருந்து டாக்டர் பானர்ஜி வந்திருந்தார். அவர் இங்கிலீஷில் பேசுவார், லெக்ளேரோடு சைகையிலும் சிரிப்பிலும் பாதிப் பேச்சை ஓட்டுவார்.

லெக்ளேர் தொடக்கத்திலேயே 'எக்ஸ்பெரியான்ஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சுலோசனா படித்த புத்தகங்களில் அதற்கு அனுபவம் என்று பொருள். ஆகவே அவள், "இப்ப நாம எல்லாரும் ஒரு அனுபவம் பண்ணப் போறோம்" என்றாள்.

ஹால் முழுக்கச் சிரித்தது. முன் வரிசையில் இருந்த கோவிந்தராசு சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இருபத்தைந்து வருஷ சர்வீஸ்காரர். தவளக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் விஞ்ஞானம் நடத்துபவர், ஆசிரியர்களுக்குள் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. "சோதனைன்னு சொல்லும்மா" என்றார் சிடுசிடுப்பாக.

அதற்கப்புறம் கரியமில வாயு, அழுத்தம், விரிவடைதல் என்று ஒவ்வொரு சொல்லாக வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியை அஞ்சலாட்சி தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குள் சுலோசனா ஒரு வழி கண்டுபிடித்தாள். லெக்ளேர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதை முதலில் தானே செய்து பார்த்துவிடுவது, கண்ணால் பார்த்த பிறகு தமிழில் சொல்வது. அவர் அதற்குச் சம்மதித்தார். அவளுக்காக எல்லாமே இரண்டு தடவை நடந்தது. ஆசிரியர்கள் அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

லெக்ளேருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். முதல் இரண்டு நாள் ஆசிரியர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சுலோசனாவிடம் தனியாக வந்து, "பதில் என்னான்னு அவர்கிட்ட கேட்டு எங்களுக்குச் சொல்லிடும்மா, குறிச்சிக்கிறோம்" என்றார்கள். கேட்டாள். அவளிடமும் அவர் சொல்லவில்லை.

நான்காம் நாள்தான் மெழுகுவத்தி வந்தது.

பாடப்புத்தகத்தில் எல்லோரும் நடத்துகிற சோதனைதான் அது. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மெழுகுவத்தி அணைந்துவிடும், தண்ணீர் பாத்திரத்துக்குள் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று மெட்ராசில் போடும் புத்தகம் சொல்லும். வருஷா வருஷம் பரீட்சையில் வரும் கேள்வி.

கடற்காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்கள். புழுக்கத்தில் எல்லோருக்கும் சட்டை ஒட்டிக்கொண்டது. மேஜைக்கு மேஜை சாப்பாட்டுத் தட்டு, இங்க் கலந்த தண்ணீர், காலி ஹார்லிக்ஸ் பாட்டில். ஒரு மெழுகுவத்தி வைத்தபோது தண்ணீர் கொஞ்சம் ஏறியது. இரண்டு வைக்கச் சொன்னார் லெக்ளேர். கூடுதலாக ஏறியது. மூன்று வைத்தபோது இன்னும் ஏறியது.

"பாட்டில் அதே பாட்டில்தான்" என்றாள் அஞ்சலாட்சி யோசனையாக. "உள்ள இருக்கற காத்தும் அதே காத்துதான். அப்ப பிராணவாயு மட்டும் எப்படி ஜாஸ்தியாவும்?"

இன்னொருவர், மெழுகுவத்தி எரியும்போது தண்ணீர் ஏறவில்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது என்றார். வேறொருவர், பாட்டிலைக் கவிழ்க்கும்போது ஓரத்தில் குமிழி வந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். சூட்டில் விரிந்த காற்று வெளியே போய்விடுகிறது, மிச்சக் காற்று ஆறும்போது சுருங்குகிறது, அதனால்தான் தண்ணீர் ஏறுகிறது என்று ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி அவர்களே வந்து சேர்ந்தார்கள். லெக்ளேரின் முகம் மலர்ந்திருந்தது. சுலோசனாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அன்று அவளுக்கு யாரும் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்போது கோவிந்தராசு சார் எழுந்தார்.

"அதெல்லாம் சரிம்மா. பரீட்சையில என்ன எழுதச் சொல்றது? ஐந்துல ஒரு பங்குன்னு எழுதுனாத்தான் மார்க்கு. புத்தகத்துல இருக்கறத மாத்திச் சொன்னா பிள்ளைங்க ஃபெயிலாவும். அதுக்கு என்னா பண்றதுன்னு கேளு."

அவள் கேட்டாள். லெக்ளேர், பார்த்ததை எழுதச் சொல்லுங்கள் என்றார். கோவிந்தராசு, அப்படி எழுதினால் மார்க் கிடையாது என்றார். இப்படியே நாலைந்து முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. கடைசியில் லெக்ளேருக்குப் பொறுமை போய்விட்டது. மேஜையைத் தட்டிவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அப்படியானால் நீங்கள் நடத்துவது விஞ்ஞானம் இல்லை, காத்தெஷிஸ்ம் என்றார்.

காத்தெஷிஸ்ம் என்பது மாதா கோயிலில் பிள்ளைகளுக்குக் கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் பண்ண வைக்கிற பாடம். சுலோசனாவுக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறாள். தமிழில் அதற்கு ஞானோபதேசம் என்று பெயர். ஆனால், நீங்கள் நடத்துவது விஞ்ஞானம் இல்லை, ஞானோபதேசம் என்று சொன்னால் ஆசிரியர்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கைதட்டிவிடுவார்கள். அவர் கோபப்பட்டது போய்ச் சேராது. இவ்வளவும் அவள் மனதில் ஒரு நொடியில் ஓடியது. புரியாமல் வாயால் ஒப்பிப்பதற்கு வேறு என்ன சொல் என்று தேடினாள், கிடைத்தது.

"அப்படின்னா நீங்க நடத்தறது சயின்ஸ் இல்ல, மந்திரம்னு சொல்றாரு."

"மந்திரமா?" என்றார் கோவிந்தராசு. "எந்த மந்திரத்தச் சொல்றாரு? நம்ம சாமி மந்திரம் இவருக்குக் கேலியாப் போச்சா? இவங்க ஆண்டது முடிஞ்சி இருபது வருஷத்துக்கு மேல ஆவுது. இன்னும் இவங்க முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் பின்னால் போனார்கள். அஞ்சலாட்சி கொஞ்சம் தயங்கினாள், பிறகு அவளும் போனாள்.

டாக்டர் பானர்ஜி சுலோசனாவிடம் வந்து இங்கிலீஷில் என்ன நடந்தது என்று கேட்டார். அவளுடைய இங்கிலீஷ் அதை விளக்கும் அளவுக்கு இல்லை. லெக்ளேரிடம் பிரெஞ்சில் சொன்னாள். 'மந்திரம்' என்ற சொல் அவருக்கும் தெரிந்திருந்தது. முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நான் சொன்ன சொல்லையே சொல்லியிருக்கலாமே மதாம்" என்றார்.

"சொல்லியிருந்தால் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்" என்றாள் அவள்.

சாயங்காலம் வீட்டில் இராமதாஸ் எல்லாவற்றையும் கேட்டான்.

"நீ உள்ளதத்தான சொன்ன? உன் மேல என்னா தப்பு இருக்குது?"

"உள்ளதத்தான் சொன்னேன். அவங்களுக்கு வேற ஒண்ணு போய்ச் சேந்துச்சு."

"அப்ப நாளைக்குப் போவாத. வேற ஆளப் பாத்துக்கட்டும்."

அவளுக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. சோறு வடித்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, தானும் சாப்பிட்டு முடித்தபோதும் அதே எண்ணம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆசிரியர்கள் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டுமே என்று ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள், உள்ளே போக மட்டும் மனசில்லை. அந்த நாளில் டீக்கடைக்குள் பெண்கள் வரும் வழக்கம் கிடையாது. சுலோசனா நேராக உள்ளே வந்து கோவிந்தராசு முன்னால் நின்றாள்.

"சார், நேத்து நான் சொன்ன வார்த்தை அவரு சொன்னது இல்ல."

"பின்ன?"

அவள் சொன்னாள். மாதா கோயில் பாடத்தைப் பற்றியும், கேள்வியையும் பதிலையும் பிள்ளைகள் எப்படி ஒப்பிக்கும் என்பதைப் பற்றியும், ஞானோபதேசம் என்ற சொல்லைத் தான் ஏன் விட்டாள் என்பதைப் பற்றியும். கூட்டத்தில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் இருந்தார். "ஆமா, எங்கள அடிச்சி ஒப்பிக்க வப்பாங்க" என்று ஒத்துக்கொண்டார்.

"அப்ப அவரு நம்மளத் திட்டலியா?" என்றார் கோவிந்தராசு.

"திட்டத்தான் திட்டினாரு சார். ஆனா நம்ம சாமிய வச்சித் திட்டல. அவங்க சாமிய வச்சித் திட்டினாரு."

டீக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். கோவிந்தராசு சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், டீயைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அவங்க ஊரு புத்தகத்துல இந்த மெழுகுவத்தி எப்படி இருக்குதுன்னு கேளும்மா."

சுலோசனா கேட்டாள். லெக்ளேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தன் மகன் படிக்கும் புத்தகத்திலும் இதே படம்தான், இதே ஐந்தில் ஒரு பங்குதான் என்றார். தாங்கள் சொல்லிப் பார்த்ததாகவும், புத்தகம் போடுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். பரீட்சையில் கேட்கிறார்களே என்பதுதான் அங்கேயும் ஆசிரியர்கள் சொல்லும் காரணமாம்.

அவள் இதைத் தமிழில் சொன்னதும் ஹாலில் ஒரே பேச்சாகிவிட்டது. என்ன விஷயம் என்று பானர்ஜி கேட்டார். அஞ்சலாட்சி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். வங்காளப் புத்தகத்திலும் அப்படித்தான் என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிச்ச நாட்களில் வகுப்பின் தோரணையே மாறிப்போனது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், லெக்ளேர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றார். கடைசி நாள் இரண்டு அகாடெமிகளும் ஒரு முடிவுக்கு வந்தன. இரண்டு நாட்டிலும் பாடப்புத்தகம் போடுகிறவர்களுக்குச் சேர்ந்து எழுதுவது, புதுச்சேரிப் பள்ளிகளும் லெக்ளேர் ஊர்ப் பள்ளிகளும் ஒரே சோதனையைச் செய்து, கண்டதை ஒருவருக்கொருவர் அனுப்புவது. இந்தப் பக்கத்திலிருந்து போவதைப் பிரெஞ்சாக்கவும் வருவதைத் தமிழாக்கவும் சுலோசனா.

இப்படி வருஷங்கள் ஓடின. மாதத்துக்கு ஒருமுறை அஞ்சலாட்சி ஒரு கட்டோடு வருவாள். வைத்திக்குப்பம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாற்றலாகியிருந்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் முட்டையைப் போட்டுப் பார்த்துப் படம் வரைந்து அனுப்பினார்கள். அங்கிருந்து, பனிக்கட்டி எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே வைத்தபோது கரையவே இல்லை என்று ஒரு பையன் எழுதியிருந்ததைத் தமிழில் படித்துக் காட்டியபோது, அஞ்சலாட்சியின் வகுப்பு நம்ப மறுத்தது. இவர்கள் பொய் என்று எழுத, சுலோசனா அதையும் அப்படியே பிரெஞ்சாக்கி அனுப்பினாள். அவள் எதையும் மழுப்பி எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தாள். சந்தேகமான சொல் வந்தால் மட்டும், இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்ன அர்த்தம் என்று கீழே ஒரு வரி சேர்ப்பாள்.

எண்பத்தொன்றில் பாரீசில் ஒரு மாநாடு. பல நாட்டு அகாடெமிகள் கூடுகின்றன, புதுச்சேரியிலிருந்து ஒரு ஆசிரியரை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மொழிபெயர்க்க இன்னொருவரும் போக வேண்டியிருக்கும் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். சுலோசனா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் காந்தி வீதிக் கடையில் ஒரு ஸ்வெட்டரின் விலையை விசாரித்துவிட்டு வந்தாள். இரண்டு வாரத்தில் முடிவு தெரிந்தது. போவது கோவிந்தராசு மட்டும். தமிழ் தெரிந்தவர்கள் பாரீசிலேயே இருப்பதால் இங்கிருந்து ஆள் தேவையில்லை.

அவருக்கு விசா விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும், மாநாட்டில் அவர் பேச வேண்டியதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லப் பழக்கினாள். அது அவர் வாயில் கடைசிவரை 'போஞ்சூர்' என்றுதான் வந்தது.

திரும்பி வந்த மறுநாளே கோவிந்தராசு அவள் வீட்டுக்கு வந்தார். ஒரு சின்ன சென்ட் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"அவங்க புத்தகத்த மாத்திட்டாங்கம்மா. லெக்ளேரு பக்கத்தப் பிரிச்சிக் காட்டினாரு. நம்ம பேரு ஊரு ஒண்ணும் போடல, ஆனா மாத்திட்டாங்க."

"மெட்ராசுல?"

"மெட்ராசுல ஆவன செய்யப்படும்னு எழுதியிருக்காங்களே, அதேதான்." பிறகு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அங்க ஒருத்தன மொழிபெயர்க்க வச்சாங்க. நம்ம காரைக்கால் பக்கத்து ஆளு, பாரீசுலியே பொறந்து வளந்தவன். நான் அழுத்தம்னு சொன்னா அவன் என்னாத்தையோ சொல்றான். எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க. கடைசியில நீ எழுதிக் குடுத்தத அவன் கையில குடுத்துப் படின்னு சொல்லிட்டு ஊமையாட்டம் உக்காந்துட்டேன். உன்ன அழச்சிக்கிட்டுப் போயிருக்கணும். அவங்களுக்கு அது தோணல, நானும் வாயத் தொறந்து கேக்கல."

"பரவாயில்ல சார். காப்பி சாப்புடுங்க."

அவர் போன பிறகு இராமதாஸ் கேட்டான். "மனசுக்குக் கஷ்டமா இருக்குதா?"

"அன்னிக்கி இருந்துச்சு. ரெண்டு நாளு." அவள் டம்ளரைக் கழுவப் போட்டாள். "அந்த ஸ்வெட்டர வாங்காம விட்டதே நல்லதாப் போச்சு. இந்த ஊருல அதப் போட்டுக்கிட்டு எங்க போறது?"

இரண்டு வருஷம் கழித்து ஒரு அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை வேலை கிடைத்தது. நாற்பது வயதில் முதல் மாதச் சம்பளம் வாங்கினாள். கட்டுகளை மொழிபெயர்ப்பது சாயங்காலங்களில் நடந்தது. மெட்ராஸ் புத்தகம் அடுத்த பதிப்பிலும் மாறவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பரீட்சையில் வருவது நின்றுபோனது. யார் சொல்லி நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. கோவிந்தராசு தன்னால்தான் என்று ஓய்வு பெறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

லெக்ளேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து கட்டுகள் குறைந்தன. எண்பத்தாறில் திட்டத்தின் கடைசிக் கூட்டம் நடந்தது. டெல்லியிலிருந்து வந்த புது ஆட்கள் எல்லாமே இங்கிலீஷில் பேசினார்கள், அதனால் சுலோசனாவுக்கு வேலை இல்லை. அழைப்பிதழ் மட்டும் வந்திருந்தது. பின் வரிசையில் அஞ்சலாட்சியோடு உட்கார்ந்தாள். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் திருச்சிக்காரர் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. கிராமத்து ஆசிரியர்கள் பாதிப் பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, என்னா சொல்றாரு?" என்றாள் அஞ்சலாட்சி.

"எனக்கு எப்படித் தெரியும்? என் பாஷை வேற."

சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சுலோசனா எழுந்து நின்றாள். "ஐயா, நீங்க தமிழ்க்காரர்தான? இங்க இருக்கறவங்க எல்லாரும் தமிழ்லதான் பாடம் நடத்துறாங்க. தமிழ்லயே சொல்லுங்களேன்."

மேடையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். சொல்லுக்குச் சொல் தடுக்கியது. தடுக்கும்போதெல்லாம் ஆசிரியர்கள் எடுத்துக் கொடுத்தார்கள், கூடவே கேள்வியும் கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. சுலோசனாவுக்கு மத்தியானம் வகுப்பு இருந்தது. அவள் அஞ்சலாட்சியிடம் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.